துருவியும் சிவப்புப் புள்ளி நத்தைகளும்

குடும்பத்தை விட்டுவிட்டு நத்தை பின்னால் போனவள் என்கிறார்களே, அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நத்தை பின்னால் போகிறவள் எவ்வளவு தூரம் போய்விட முடியும்? தெருமுனை பேக்கரியைத் தாண்டுவதற்குள் ஒரு வாரம் ஆகிவிடாதா? பேசுகிறவர்கள் கொஞ்சமாவது கணக்குப் பார்த்துப் பேச வேண்டாமா?

மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் சொல்கிறார்கள், புருஷன்தான் அவளை விரட்டிவிட்டானாம். எதிர்ப்பக்கத்து இஸ்திரிக்காரர் சொல்கிறார், இல்லை, அவள்தான் புருஷனைத் தள்ளி வைத்துவிட்டாளாம். இருவரும் ஒருவரையொருவர் விரட்டியிருந்தால் முதல் மாடியில் தினமும் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறதே, அது யார்? பூதமா? அவள் புருஷன் லிஃப்ட்காரர்தான் கழுவுகிறார். கழுவும்போது பாட்டும் பாடுகிறார். அந்தப் பாட்டைக் கேட்டால் பெண்டாட்டி ஓடிப்போன சோகம் தெரியாது. தாளம் தெரியாத சோகம்தான் தெரியும்.

இன்னும் சிலருக்கு வேறு குறை. நகப்பூச்சு பூசிப் பட்டம் வாங்கினாளாம். பரிதாபப்பட்டுக் கொடுத்தார்களாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது, உண்மைதான். ஆனால் ஊர் வாய் திறந்திருக்கும்போதே உள்ளே ஒரு வாய் உண்மையை ஊட்டிவிடலாம் அல்லவா? நடந்ததை நடந்தபடி சொன்னால் கேட்பவர்கள் கேட்கட்டும். பாதியில் எழுந்து போகிறவர்கள் போய்ப் பாதிக் கதையைப் பரப்பட்டும். அது அவர்கள் தொழில்.

துருவி என்பது அவளுக்கு வேலை செய்த இடத்தில் வைத்த பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வந்தது. வேலை, பெரிய மருத்துவமனையின் துணிக்கிடங்கில். சலவையிலிருந்து கட்டில் விரிப்பு, தலையணை உறை, அறுவை அறைப் பச்சைத் துணி எல்லாம் தள்ளுவண்டிகளில் சுடச்சுட வரும். பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார்த்து, மடித்து, வார்டு வாரியாக அடுக்க வேண்டும். மற்றவர்கள் மடிப்பார்கள். இவள் மடித்துக்கொண்டே யோசிப்பாள். பெரியவர்கள் வார்டு விரிப்பு நடுவில் நைந்து கிழிகிறது. குழந்தைகள் வார்டு விரிப்பு மட்டும் ஏன் நான்கு மூலையிலும் கிழிகிறது?

மேற்பார்வையாளர் பொறுமைசாலிதான். அவரே ஒருநாள், "கிழிஞ்சா ஒதுக்கி வைம்மா. ஏன் கிழிஞ்சதுன்னு அந்த விரிப்புகிட்டயே போய்க் கேளு," என்று சொல்லிவிட்டார். அவர் கேலியாகச் சொன்னார். இவள் நிஜமாகவே போய்விட்டாள். சாப்பாட்டு இடைவேளையில் குழந்தைகள் வார்டுக்குப் போய் வாசலில் நின்று பார்த்தாள். காய்ச்சல் விட்ட பிள்ளைகள் விரிப்பை உருவி, கட்டில் கம்பிகளில் மூலைக்கு மூலை முடிச்சுப் போட்டு, கூடாரம் கட்டி உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் லாட்டரி விழுந்தது மாதிரி ஒரு களை இருந்ததாம். கிழிசல் ஒன்றும் குறையவில்லை. ஆனால் காரணம் தெரிந்துவிட்டது. அவளுக்கு அது போதும்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்கு வந்தவள் அவள். கல்யாணமாகி, மகள் பிறந்து, அந்த மகள் தானாகத் தலை பின்னிக்கொள்ளும் வயது வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். முதலில் பள்ளித் தேர்வு. பிறகு பல்கலைக்கழகத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை வகுப்பு, உயிரியல். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அவருக்குத்தான் அழைப்பு வரும். அவர் தடுக்கவில்லை. "நான் மேல போறதும் கீழ வர்றதுமாவே இருக்கேன். நீயாவது ஒரு மாடி ஏறி அங்கேயே நில்லு," என்றார்.

மூன்று வருடம் படித்தாள். நல்ல மதிப்பெண் வந்தது. அப்போதுதான் துறை அலுவலகத்தில் கூப்பிட்டு, விருப்பமிருந்தால் நான்காவது வருடமாக ஆனர்ஸில் சேரலாம் என்றார்கள். லிஃப்ட்காரர் அதை ஏதோ மெடல் என்று நினைத்து அலமாரியில் இடம்கூட ஒதுக்கிவிட்டார். மெடல் இல்லை. மூன்று வருடம் படிப்பது மற்றவர்கள் கண்டுபிடித்ததை. நான்காவது வருடம் யாரும் கேட்டிராத ஒரு கேள்வியை, சின்னதாக இருந்தாலும் சரி, தானே கேட்டு, தானே விடை தேடி, பரிசோதகர்கள் முன்னால் நின்று அவர்கள் குடைகிற குடைச்சலுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் ஆனர்ஸ் பட்டம். திணறிவிட்டால் வெறும் பட்டம். ஆராய்ச்சி நிலையங்களில் உள்ளே விட வேண்டுமென்றால் ஆனர்ஸ் வேண்டும். வெறும் பட்டத்தை வைத்துக்கொண்டு அவள் மறுபடியும் விரிப்புதான் மடிக்க வேண்டும். விரிப்பு மடிப்பது கேவலமில்லை. ஆனால் விரிப்பைப் பற்றிக் கேட்க வேண்டியதையெல்லாம் அவள் கேட்டு முடித்துவிட்டாள்.

சேர்க்கைக்கு நேர்காணல் வைத்தார்கள். மற்றவர்கள் எல்லாம் அவள் வயதில் பாதி. நுரை தள்ளப் படித்துவிட்டு, வாயில் நுழையாத தலைப்புகளோடு வந்திருந்தார்கள். இவளிடம் எதைக் கண்டுபிடிக்க ஆசை என்று கேட்டபோது இன்னும் தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னாள். கேட்டவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிடத் தயாரானார்கள். அப்போது அவள் கண் ஜன்னலோரத்து மீன்தொட்டியில் போய் நின்றது.

"அந்தத் தொட்டில மீனெல்லாம் ஏன் ஒரே மூலையில நிக்குது?" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளிச்சம் என்றார் ஒருவர். காற்றுக் குழாய் என்றார் இன்னொருவர். இரை போடும் பக்கம் என்றார் மூன்றாமவர். நேர்காணல் நின்றுபோய் மூன்று பேரும் தொட்டியைச் சுற்றி நின்று வாதம் செய்தார்கள். கடைசியில் வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டியிருந்த பேராசிரியை ஒருத்தி, "இவங்களை எனக்குக் குடுங்க," என்றாள். அப்படித்தான் சேர்ந்தாள். மீன் விஷயம் இன்றுவரை தீரவில்லை என்று கேள்வி.

அந்த ஆனர்ஸ் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். அந்த வாரம் தான் செய்த தவறு என்ன என்பதை ஒவ்வொருவரும் முதலில் சொல்ல வேண்டும். சரியாக நடந்ததைப் பிறகுதான் சொல்லலாம். முதல் வெள்ளிக்கிழமை ஒரு மாணவன் எழுந்து, வளர்த்த பூஞ்சையெல்லாம் வெயிலில் மறந்து வைத்துச் சாகடித்துவிட்டேன் என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். துருவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணிக்கிடங்கில் ஒரு தலையணை உறை காணாமல் போனால் பழி யார் தலையில் விழும் என்று ஆளுக்கொரு மூலையில் ஒளிவார்கள். இங்கே தவறைச் சொன்னால் கை தட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் உடனே எழுந்து நின்று, மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுடைய நீலக் கோப்பையை உடைத்தது பூனை இல்லை, தான்தான் என்றார். அவள் கை தட்டவில்லை. வீட்டுக்கு அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

எல்லாம் சரி, கேள்வி எங்கே? மற்றவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். இவள் வெறுங்கையோடு இரண்டு மூன்று வெள்ளிக்கிழமை உட்கார்ந்துவிட்டு வந்தாள். கடைசியில் கேள்வி கிடைத்தது பல்கலைக்கழகத்தில் இல்லை. வீட்டு மாடிப்படியில்.

தரைத்தளத்தில் இருப்பவர் எக்ஸ்சேஞ்ச் அக்கா. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இணைப்புக் கொடுக்கிற வேலையை அரசாங்கம் எடுத்துக்கொண்டாலும் அவர் விடவில்லை. நான்கு மாடிச் செய்தியும் அவர் வழியாகத்தான் போகும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பொய் சொல்ல மாட்டார். சர்வீஸில் இருந்த காலம் முழுக்க ஒரு ராங் நம்பர் கொடுத்ததில்லை என்பது அவருக்குப் பெரிய பெருமை. பிறர் விஷயத்தைப் பேசுவார், பிசகாமல் பேசுவார்.

அக்கா வீட்டுப் பின்பக்கம் சின்னதாக ஒரு முற்றம். அதில் தொட்டி தொட்டியாகச் செடி. அந்த வருடம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டதில் இலையெல்லாம் சல்லடை. காரணம் நத்தை. அக்கா நேராக முதல் மாடிக்கு ஏறி வந்து, படித் திருப்பத்தில் துருவி வைத்திருந்த இரண்டு தொட்டிகளைக் காட்டி, "உங்க வீட்டு நத்தைதான் கீழ இறங்கி வந்து என் செடியைத் திங்குது," என்றார்.

துருவியின் மகளுக்கு அம்மாவின் வாய். "நத்தை முதுகுல வீட்டு நம்பர் எழுதியிருக்கா, ஆன்ட்டி?" என்றாள்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. மகளுக்கு ஒரு அதட்டல் விழுந்தது. ஆனால் அதட்டிய துருவி அதட்டிய வாயை மூட மறந்து அப்படியே நின்றுவிட்டாள். எழுதியிருந்தால்? எந்த நத்தை எந்தத் தொட்டியைச் சேர்ந்தது என்று எழுதி வைத்துவிட்டால்? நத்தைக்கு இது என் இடம் என்று ஒன்று உண்டா, இல்லை, ஈரம் கண்ட இடமெல்லாம் சொந்த ஊரா?

மறுநாளே பேராசிரியையிடம் ஓடினாள். அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நத்தைக்குத்தான் வீடு முதுகுலயே இருக்கே. அப்புறம் இடம் எதுக்கு? பாருங்க, பாத்துட்டுச் சொல்லுங்க," என்றாள்.

அழகு நிலையம் வைத்திருந்த நாத்தனார் அடியில் ஒட்டிய நகப்பூச்சுப் புட்டிகளைக் கொடுத்தாள். அக்கா முற்றத்து நத்தைக்கு ஓட்டின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி. படித் திருப்பத்து நத்தைக்கு நீலப் புள்ளி. ஓட்டில்தான், உடம்பில் இல்லை, நத்தைக்கு வலிக்காது. மழை பெய்து ஓய்ந்த காலையெல்லாம் வேலைக்குப் போகுமுன் துருவி குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முற்றத்தில் குந்தியிருப்பாள். கையில் புட்டி, வாயில் மூடி. பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? தன் நகத்துக்குப் பூச நேரமில்லாதவள் நத்தைக்குப் பூசுகிறாள் என்றார்கள். அதற்கு நகமே கிடையாதே என்றார்கள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், நத்தை புகுந்த வீட்டைப் பற்றி மட்டும் நல்லதாகவா சொல்லியிருப்பார்கள் என்று இழுத்தார்கள்.

சில வாரம் பார்த்ததில் சிவப்பு, அக்கா முற்றத்தை விட்டு அசையவில்லை. நீலம் படித் திருப்பத்தை விட்டு இறங்கவில்லை. செடியைத் தின்றது அக்காவின் சொந்த நத்தைதான். இதைத் துருவி அக்காவிடம் சந்தோஷமாகச் சொன்னாள். அவளுக்கு அது கண்டுபிடிப்பு. அக்காவுக்கு அது அவமானம். முகம் உர்ரென்று ஆனது.

அடுத்த வாரம் ஒரு காலை முற்றத்தில் போய்ப் பார்த்தால் சிவப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை. தொட்டியைத் தூக்கிப் பார்த்தாள். ஓடு உடைந்து கிடக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை, துடைத்துவிட்ட மாதிரி. அந்த வெள்ளிக்கிழமை எழுந்து, என் நத்தையெல்லாம் தொலைந்துவிட்டது என்றாள். கை தட்டினார்கள். அவளுக்கு அழுகை வந்தது.

சரி, நீல நத்தையை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்திருந்த நேரத்தில்தான் அது நடந்தது. நல்ல மழை பெய்து விட்ட ஒரு காலை. அக்காவின் முற்றத்தில், நடுத் தொட்டியின் விளிம்பில், ஒரு சிவப்புப் புள்ளி. பின்சுவரிலிருந்து தொட்டி வரை வெள்ளிக்கம்பி இழுத்த மாதிரி அது வந்த வழி பளபளத்தது. இரண்டு நாளில் இன்னொன்று. பிறகு இன்னும் சில. சுவருக்கு அப்பாலிருந்து வருகின்றன. எங்கேயோ போய்விட்டு வருகின்றன.

துருவிக்கு அழுகை போன இடம் தெரியவில்லை. பேராசிரியையிடம் மூச்சு வாங்கச் சொன்னாள். அவளும் கண்ணை விரித்துத்தான் கேட்டாள். ஆனால் கேட்டு முடித்ததும் ஒரே போடாகப் போட்டாள். "எங்கிருந்து வந்ததுன்னு தெரியாம, திரும்பி வந்ததுன்னு எப்படிச் சொல்வீங்க? பக்கத்துலயே ஒளிஞ்சிருந்து வெளிய வந்திருக்கலாமே. இடம் தெரிஞ்சா இது ஆராய்ச்சி. தெரியலைன்னா நல்ல கதை." மாத முடிவில் இடைப் பரிசீலனை. அதில் நிற்கத் தகுந்த சான்று இல்லாதவர்களை ஆனர்ஸிலிருந்து விலக்கி, வெறும் பட்டத்தோடு அனுப்பிவிடுவார்கள்.

யார் எடுத்துப் போட்டது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் எங்கே போட்டது? துருவி அக்காவிடம் போய்ப் பணிவாகத்தான் கேட்டாள். ஊர்க்கதையெல்லாம் சொல்கிற வாய், அன்றைக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டது. தனக்கு ஒன்றும் தெரியாது என்று கதவைச் சாத்திக்கொண்டார். அதற்கும் காரணம் இருந்தது. பின்சுவருக்கு அப்பால் மூடிக்கிடக்கும் பட்டறையின் காலி இடம். அங்கே எதையும் கொட்டக்கூடாது என்று கட்டடக் கூட்டத்தில் சண்டை போட்டு, காவலாளியைக் கொண்டு பலகை மாட்ட வைத்ததே அக்காதான். தான் மாட்டிய பலகைக்குக் கீழே தானே வாளியைக் கவிழ்த்தேன் என்று எந்த வாயால் சொல்வார்?

துருவி மறுபடியும் கேட்டாள். அக்கா காது கேட்காதவர் மாதிரி தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். நாள் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கட்டடத்து லிஃப்ட் நின்றது. தானாக நின்றதா, நிறுத்தப்பட்டதா என்று கேட்டால் லிஃப்ட்காரர் இன்றும் பதில் சொல்ல மாட்டார். தரைத்தளத்தில் கதவைக் கழற்றி வைத்துக்கொண்டு, அக்கா வீட்டு வாசலுக்கு நேர் எதிரே, கிரீஸ் டப்பாவோடு உட்கார்ந்துவிட்டார். அக்காவுக்கு மேலே போகிற வேலை எதுவும் கிடையாது. ஆனாலும் எப்போது சரியாகும் என்று கேட்க வெளியே வந்தார்.

"ஆயிடும்கா," என்றார் லிஃப்ட்காரர், தலையைத் தூக்காமல். "அந்த நத்தை விஷயம் கேள்விப்பட்டீங்களா? வாட்ச்மேன்தான் வாளியில அள்ளிட்டுப் போய் முன்வாசல் சாக்கடையில கொட்டிட்டானாம். நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"யார் சொன்னா உனக்கு?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

அக்கா உள்ளே போனார். வாசல்வரை திரும்பி வந்தார். மறுபடி உள்ளே போனார். உள்ளே ஏதோ பாத்திரம் தேவையில்லாமல் சத்தம் போட்டது. லிஃப்ட்காரர் ஸ்பேனரைத் துடைத்தார், திருப்பித் துடைத்தார். கடைசியில் அக்கா வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"தம்பி, தெரியாத விஷயத்தைப் பரப்பாதே. முன்வாசல் இல்ல, பின்சுவர். சாக்கடை இல்ல, பட்டறைக் காலி இடம். அங்க துருப்பிடிச்ச டிரம் ஒண்ணு கவுந்து கிடக்கு பாரு, அதுக்கு இடது பக்கம், கருவேல மரத்துக்கு இந்தப் பக்கம். செவ்வாய்க்கிழமை காலையில, பால் வந்ததுக்கப்புறம், பேப்பர் வர்றதுக்கு முன்னாடி. வாட்ச்மேன் அப்ப தூங்கிட்டிருந்தான்."

"வாட்ச்மேன் தூங்கிட்டிருந்தா கொட்டினது யாருக்கா?"

இணைப்பைப் பாதியில் துண்டிப்பது அக்காவுக்குப் பழக்கமில்லை.

"நான்தான்," என்றார்.

படியில் பாதி இறங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் துருவி. அவளைப் பார்த்ததும் அக்கா சண்டைக்குத் தயாராகத் தோளை நிமிர்த்தினார். துருவி கையிலிருந்த பையைப் படியில் வைத்துவிட்டு, கை தட்டினாள். ஒரு தரம் இல்லை, விடாமல் தட்டினாள்.

"என்னடி, கிண்டலா?" என்றார் அக்கா.

"இல்லக்கா. எங்க வகுப்புல இதுதான் மரியாதை," என்றாள் அவள்.

அதற்கப்புறம் வேலை சூடுபிடித்தது. பட்டறைச் சொந்தக்காரரிடம் பேராசிரியையே பேசி அனுமதி வாங்கினாள். இந்த முறை முறைப்படி. சிவப்பு நத்தைகளில் ஒரு பங்கு அக்கா கொட்டிய அதே டிரம்முக்குப் பக்கத்தில். ஒரு பங்கு அதற்கும் தள்ளி, பட்டறையின் அந்தக் கோடி வேலியருகே. ஒரு பங்கு எடுத்து, கையில் வைத்திருந்து, பழைய இடத்திலேயே திருப்பி விட்டது. பிறகு நீலத்துக்கும் அப்படியே. வாளி தூக்கியது யார் என்கிறீர்கள்? அக்காதான். முன்பு கொட்டிய அனுபவம் இருக்கிறதாம். பலகைக்குக் கீழே நின்று, "ஆராய்ச்சிக்கு மட்டும் கொட்டலாம்," என்று காவலாளிக்குப் புதுச் சட்டம் வேறு சொன்னார். துருவி துணிக்கிடங்கில் இருக்கும் நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். எந்த நத்தை எந்தப் பக்கம் தலை நீட்டியது என்பது மாலையில் பிசகாமல் கிடைத்துவிடும்.

டிரம் பக்கம் விட்டவற்றில் பெரும்பாலானவை வந்துவிட்டன. வேலி பக்கம் விட்டவற்றில் சிலதான் வந்தன. மற்றவை அங்கேயே குடும்பம் நடத்தக் கிளம்பிவிட்டன போலிருக்கிறது. நீல நத்தை ஒன்று வழி தவறியோ மனம் மாறியோ அக்கா முற்றத்திலேயே தங்கிவிட்டது. விருந்தாளி என்று சொல்லி அக்கா அதற்கு ஒரு தொட்டியை விட்டுக்கொடுத்தார். இடைப் பரிசீலனையில் துருவியை நிறுத்தவில்லை. மேலே தொடர்ந்து, இன்னும் செய்யச் சொன்னார்கள். வருடம் முழுக்கச் செய்தாள். காலையில் நத்தை, பகலில் விரிப்பு, மாலையில் பல்கலைக்கழகம். வீட்டில் சமையல் லிஃப்ட்காரர் கைக்குப் போனது. உப்பு கூடியது, ஆனால் யாரும் சாகவில்லை.

கடைசித் தேர்வு நீளமான ஓர் அறையில் நடந்தது. முன்னால் மூன்று பரிசோதகர்கள். பின் பெஞ்சில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். லிஃப்ட்காரர் வேலை உடுப்போடு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்ச் அக்கா. துருவி நின்று சொன்னாள். முதலில் காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். நத்தை சுவர் ஏறியதைச் சொல்லத் தொடங்கியதும் காகிதத்தை மறந்துவிட்டாள்.

மூவரில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கடினமாகத்தான் கேட்டார். முதல் தடவை நடந்தது விபத்து. அதை ஏன் அறிக்கையில் சேர்த்தீர்கள், பிறகு செய்த சோதனை மட்டும் போதாதா என்றார்.

"கேள்வி அந்த விபத்துல இருந்துதான் சார் வந்தது," என்றாள். "அதை மறைச்சா, நானா உக்காந்து யோசிச்சது மாதிரி ஆயிடும். நான் யோசிக்கல. அவங்க கொட்டினாங்க, அது வந்துச்சு, நான் பாத்தேன்."

கொட்டியது யார் என்று அவர் கேட்டதும் பின் பெஞ்சிலிருந்து அக்கா எழுந்தார். யாரும் அவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை. டிரம், மரம், பால், பேப்பர், வாட்ச்மேனின் குறட்டை எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொன்னார். பரிசோதகர் குறித்துக்கொண்டு, போதும் அம்மா, நன்றி என்றார். இன்னும் இருக்கிறது என்றார் அக்கா. லிஃப்ட்காரர் அவர் கைப்பையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

கடைசிக் கேள்வியும் அந்தக் கண்ணாடிக்காரருடையதுதான். எதை வைத்து நத்தை வழி கண்டுபிடிக்கிறது, வாசனையா, தன் தடமா, வேறு ஏதாவதா என்றார். மற்றப் பிள்ளைகள் இந்த மாதிரி இடத்தில் படித்ததை எடுத்து விடுவார்கள். துருவி உள்ளதைச் சொன்னாள்.

"தெரியல சார். தெரிஞ்ச மாதிரி எழுதவும் இல்ல. மழை கழுவின அப்புறமும் வந்திருக்கு, அதனால தடம் மட்டும் காரணமா இருக்காதுன்னு தோணுது. மிச்சத்தைப் பாக்க எனக்கு இன்னும் இடமும் நாளும் வேணும்."

வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். நடையில் மூவரும் நின்றார்கள். அக்கா தான் ஏதும் கெடுத்துவிட்டேனா என்று நாலு தரம் கேட்டார். கதவு திறந்தது. பேராசிரியை வந்து துருவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஆனர்ஸ் கிடைத்துவிட்டது. இன்னொன்றும் சொன்னாள். கண்ணாடிக்காரர் வேறோர் ஊரில் ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறவர். அந்த மிச்சத்தை அங்கே வந்து பார்க்கிறாயா என்று கேட்கச் சொன்னாராம். ஒரு வருடம். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போகலாம்.

இதுதான் அவள் பட்டம் வாங்கிய கதை. பரிதாபம் எங்கே வந்தது, சொல்லுங்கள் பார்ப்போம்.

போவதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. மகளுக்குத்தான் முதலில் முகம் சுருங்கியது. பிறகு அம்மாவின் மேசை தனக்குக் கிடைக்கும் என்றதும் கொஞ்சம் தெளிந்தது. லிஃப்ட்காரர் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கி, சக்கரத்துக்கு எண்ணெய் போட்டார். அதுதான் அவர் பதில். துணிக்கிடங்கில் மேற்பார்வையாளர் அவளை அனுப்ப மனமில்லாமல் அனுப்பினார்.

கிளம்பிய அன்று காலை லிஃப்ட்காரர் பஸ் நிலையம்வரை வருவதாகத்தான் இருந்தது. விடியும் நேரத்தில் போன் வந்தது. ஏதோ அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே இருவர் மாட்டிக்கொண்டார்களாம். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். அதனால்தான் அவள் தனியாகப் பெட்டியோடு இறங்கியதை மூன்றாம் மாடிக்காரர்கள் பார்த்தார்கள், பார்த்ததைக் கதையாக்கினார்கள். மகள் படித் திருப்பம்வரை பெட்டியை ஒரு பக்கம் பிடித்தாள். கீழே அக்கா வழிக்குச் சாப்பிட ஏதோ பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, நீல நத்தையின் நலத்தைப் பற்றி ஒரு முழுச் செய்தி வாசித்தார்.

வாசல் கதவருகே அவள் போன் அடித்தது. புருஷன். பேச்சுக்குப் பின்னால் சுத்தியல் சத்தம்.

"இன்னும் எடுக்க முடியல. நேரமாகும். நீ கிளம்பு, பஸ் போயிடும்."

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?"

"சிரிச்சிட்டிருக்காங்க. நீ போ."

"எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவுல நின்னுச்சு?"

"நாலுக்கும் அஞ்சுக்கும்."

"போன வாரமும் அந்த இடத்துலதானே நின்னுச்சுன்னு சொன்னீங்க? ஏன் அங்கேயே நிக்குது?"

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது. லிஃப்ட்காரர் யோசித்தார். தெரியவில்லை என்றார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். சரி, பாருங்கள் என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மகள் கன்னத்தைத் தட்டிவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு அவள் வாசலைத் தாண்டினாள்.